கேக்கு போதும் மருமகனே, சாக்கு வாங்கும்

போட்டோ வந்து சேந்துச்சு மருமகனே. நாய் தலையில கூம்புக் குல்லா, கழுத்துல ஜிகினாப் பட்டி, முன்னால கேக்கு, அதுல மெழுகுவத்தி 11. பின்னால நீரு, உம்ம வீட்டுக்காரி, பிள்ளைக எல்லாரும் இருக்குற பல்லு பூராத்தையும் காட்டிக்கிட்டு நிக்கீக. அந்தக் கூட்டத்துல சிரிக்காத ஆளு ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குத்தான் பொறந்தநாளாம்.

ஏன் சிரிக்கலன்னு போட்டோவ ரெண்டு விரலால இழுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். நீரு சொல்லிக் கொடுத்த வித்தைதான். முன்னங்கால் ரெண்டும் பாரத்தத் தாங்கி விறைச்சு நிக்குது. பின்னங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா வழுக்கிப் போகுது. நகம் நீண்டு தரையில முட்டி, விரல அண்ணாக்கத் தூக்கி வச்சிருக்கு. கீழ, குனிஞ்சு மொகம் பாத்துச் செரைச்சுக்கிடலாம்ங்கிற அளவுக்கு மினுங்குற டைல்ஸ். போனப் போட்டு, "ஏம்யா, நாய் எந்திரிக்கத் திணறுதோ?"ன்னு கேட்டா, "வயசாயிருச்சு மாமா, அதான்"ன்னு ஒத்த வரியில ஆஸ்பத்திரி நடத்தி முடிச்சிட்டீரு.

நான் மாட்டாஸ்பத்திரியில டாக்டருக்குப் பின்னால மருந்துப் பெட்டி தூக்கிக் காலத்தத் தள்ளினவன். அங்கன பதிவேட்டுல மூட்டுத் தேய்மானம்னு எழுதுவாக, பல்லுச் சொத்தைன்னு எழுதுவாக, கிட்னின்னு எழுதுவாக. "வயசு"ன்னு ஒரு நோய எழுதி நான் பாத்ததில்ல. வயசானா நோய் வரும், வாஸ்தவம். வந்த நோய்க்கு வைத்தியம் பாக்காம இருக்க, வயசு ஒரு நல்ல சாக்கு.

அப்புறம் அந்த ஏழாம் வாய்ப்பாட்ட வேற ஒப்பிச்சீரு. நாய்க்கு ஒரு வருசம்னா மனுசனுக்கு ஏழு, அதனால 77ன்னு. என்ஜினீயருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற நெலமைக்கு நான் வந்துட்டேன் பாத்தீரா? மொத வருசம் முடியும்போதே நாயோ பூனையோ நம்ம 15 வயசுப் பையன் பருவத்துக்கு வந்துரும். ரெண்டு முடிஞ்சா 24. அதுக்குப் பொறவு வருசத்துக்கு நாலு, அஞ்சுன்னு ஏறும். பெரிய உடம்பு நாயா இருந்தா இன்னும் வெரசா ஏறும். உம்ம லேப்ரடாருக்கு 11ன்னா நமக்கு எழுபதத் தாண்டுன கணக்கு. எந்தங்கச்சி, அதான் உங்க அம்மா வளக்குற பூனைக்கு 15. அது 76. நானும் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்கனயோ நிக்கேன். அதனால ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பேசுதேன்னு வச்சுக்கிடும்.

வயசுன்னதும் ஞாபகம் வருது. போர்த்துக்கல் தேசத்துல போபின்னு ஒரு நாய். 30 வயசு தாண்டிருச்சுன்னு சொல்லி, 2023ல உலகத்துலேயே வயசான நாய்ன்னு கின்னஸ்காரன் பட்டம் கொடுத்தான். மறுவருசம் ஆதாரம் பத்தலன்னு பட்டத்தத் திருப்பி வாங்கிக்கிட்டான். நம்மூர்ல முதியோர் பென்சனுக்கு வயசக் கூட்டி எழுதுன கதைதான். பூனைக் கணக்குல அப்படித் தகராறு இல்ல. அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் கிரீம் பஃப்னு ஒரு பூனை, 1967ல பொறந்து 2005 வரைக்கும், 38 வருசம் சொச்சம் இருந்துட்டுத்தான் போயிருக்கு. உங்க அம்மாகிட்ட இதச் சொல்லாதீரு. தான் ஊட்டுற தயிர்ச்சோத்துக்கும் அந்த மகிமை உண்டும்பா.

அந்தத் தயிர்ச்சோத்துக்குப் பொறவு வாரேன். மொதல்ல உம்ம கேக்கு.

அமெரிக்காவுல 48 லேப்ரடார் குட்டிகள எடுத்து, சோடி சோடியாப் பிரிச்சு, ஒரு கட்சிக்கு வழக்கமான தீனி, மறு கட்சிக்கு அதுல கால் பங்கு கொறச்சு, ஆயுசு பூரா அப்படியே போட்டுப் பாத்தாக. 2002ல முடிவ எழுதுனாக. கொறச்சுத் தின்ன கட்சி கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூடுதலா இருந்துச்சு. மூட்டுவலியும் அதுகளுக்குப் பிந்தித்தான் வந்துச்சு. கேக்கு ஊட்டுன கைக்கு இதச் சொன்னாக் கோவம் வரும், ஆனா நாய்க்குப் பாசம் காட்டுறதுன்னா தட்டக் கொறைக்கணும். சோதனை ரொம்ப லேசு. விலாவத் தடவிப் பாரும். லேசாத் தடவும்போதே எலும்பு கைக்குத் தட்டுப்பட்டா சரி. அமுக்கித் தேட வேண்டியிருந்தா, தின்னது போதும்னு அர்த்தம். இந்த 48 நாய்க் கதைய உங்க அத்தை காதுல மட்டும் போட்டுராதீரு. ஏற்கெனவே எனக்கு இட்லிய எண்ணித்தான் வைக்கா.

பூனைகிட்ட இந்தப் பட்டினி வித்தையெல்லாம் செல்லாது. கொழுத்த பூனை ரெண்டு மூணு நாள் வாய் வைக்காமக் கெடந்தா, கொழுப்பு பூராவும் ஈரல்ல போய் அடைச்சு உயிருக்கே மோசம் வந்துரும். நாய் ஒரு நேரம் திங்கலன்னா, எங்கயோ மொய் எழுதிட்டு வந்துருக்குன்னு இரும். பூனை ஒரு நாள் முழுக்கத் திங்கலன்னா டாக்டருக்குப் போனப் போடும்.

இப்பம் தரைக்கு வாரேன். இதுதான் முக்கியம். கிரானைட்டு, டைல்ஸு எல்லாம் மாப்பு போடுறவுகளுக்கு வசதி. தேஞ்ச இடுப்புக்கு அது எமன். நாய் ஒவ்வொரு தடவ எந்திரிக்கும்போதும் வழுக்குது, வழுக்காம இருக்கத் தசைய இறுக்குது, இறுக்குனா வலிக்குது, வலிக்குதேன்னு எந்திரிக்கிறதையே விட்டுருது. நடக்காத காலுல சதை வத்திப் போவுது, பெறகு நெசமாவே எந்திரிக்க முடியாது. இதத்தான் நீரு வயசும்பீரு. உங்க வீட்டுக்குள்ள அது நடமாடுற வழி எதுன்னு பாரும். படுக்கையிலருந்து தண்ணிச் சட்டிக்கு, அங்கருந்து வாசலுக்கு. அந்தத் தடத்துல சாக்கு விரியும். அரிசிக் கடையில கேட்டா சும்மாவே தருவான். சாக்கு நழுவாம இருக்க அடியில ரப்பர் மேட் போட்டுக்கிடும். விருந்தாளி வந்தா அசிங்கமா இருக்குமேங்கிற கவலை வேண்டாம். உங்க வீட்டுக்கு வார விருந்தாளி எல்லாரும் போனத்தான பாத்துக்கிட்டு இருக்கான்.

நகத்த வெட்டும். பாதத்துக்கு அடியில விரலுக்கிடையில மண்டியிருக்குற முடியையும் கத்தரியும், அதுவும் வழுக்கும். படுக்கைக்குப் பழைய ஜமுக்காளத்த நாலா மடிச்சுப் போடும். வெறுந்தரையில படுத்துப் படுத்து முழங்கைத் தோலு காச்சுப் போயிருக்கும், தொட்டுப் பாரும். மார்கழிப் பனியில மூட்டு இன்னும் விறைக்கும், அப்பம் ஒரு கம்பளி. கார்ல ஏத்த, ஒரு பலகையில சாக்கு அடிச்சுச் சாய்ப்பு வச்சா அதுபாட்டுக்கு ஏறும். மாடிப்படி ஏற முடியாம நின்னா, உம்ம தோள்ல கெடக்குற துண்ட, இல்ல, நீரு துண்டு போடமாட்டீருல்லா, குளியலறைத் துவாலைய அடிவயித்துக்குக் கீழ கொடுத்து, பின்பாதிய லேசாத் தாங்கிக்கிட்டு கூடவே ஏறும். நடைய மட்டும் நிப்பாட்டிராதீரு. நீளமா ஒரு நடைக்குப் பதிலா கொஞ்சங் கொஞ்சமா மூணு நடை. அக்கினி நட்சத்திரத்துல வெயிலுக்கு முன்னாலயே முடிச்சிரும். புறங்கைய தாரு ரோட்டுல வச்சுப் பாத்து, உமக்குப் பொறுக்கலன்னா அதுக்கும் பொறுக்காது. அதுக்குச் செருப்பும் கெடையாது, நம்ம மாதிரி மேலெல்லாம் வேர்க்கவும் செய்யாது.

வலிக்கு மருந்து வேணும்னா, நாய்க்குன்னே மாத்திரை இருக்கு. ரத்தம் எடுத்துப் பாத்து, கிட்னியும் ஈரலும் தாங்குமான்னு தெரிஞ்சுக்கிட்டு டாக்டர் எழுதிக் கொடுப்பாக. உங்க அம்மாவோட மருந்து டப்பாவத் தொறந்து, "மூட்டுவலிக்கு இதானே, பாதி போட்டாப் போதும்"னு வைத்தியம் பாக்கப்படாது. பாராசிட்டமால் ஒத்த மாத்திரை ஒரு பூனையக் கொண்ணுரும். டைக்ளோபினாக் கதை உமக்குத் தெரியுமா? மாட்டுக்கு வலி மருந்தாப் போட்டோம். மாடு செத்துச்சு. அதத் தின்ன பாறுக் கழுகு பூராவும் கிட்னி கெட்டு நாடு முழுக்கச் செத்து விழுந்துச்சு. 2006ல கால்நடைக்கு அத நிப்பாட்டுனாக. இப்பம் நம்ம மாநிலத்துல பாறு பாக்கணும்னா முதுமலை, மாயாறு பக்கம் போய் அண்ணாந்து நிக்கணும். அவ்வளவு பெரிய பறவையவே சாய்ச்ச மருந்து, உம்ம நாய்க்கும் வயித்தப் புண்ணாக்கி கிட்னியக் கெடுக்கும்.

சரி, உங்க அம்மா பூனைக்கு வருவோம். எந்தங்கச்சி சுத்த சைவம். அதனால பூனையும் சுத்த சைவம்னு முடிவு பண்ணிட்டா. பூனைகிட்டக் கேக்கல. பூனைங்கிறது கறி திங்கவே படைச்ச உசுரு. டாரின்னு ஒரு சத்து அதுக்குக் கறியிலயும் மீன்லயும்தான் கெடைக்கும், உடம்புல போதுமானதத் தானா உண்டாக்கிக்கிடத் தெரியாது. அது கொறஞ்சா கண்ணு போகும், இருதயம் தொளதொளத்துப் போகும். இத்தனை வருசம் இந்தப் பூனை எப்படித் தாக்குப் பிடிச்சதுன்னு கேட்டீருன்னா, பக்கத்து வீட்டு மீன் சட்டியக் கேக்கணும். உங்க அம்மாவுக்கு அது தெரியாமப் பாத்துக்கிடும். வளந்த பூனைக்குப் பாலும் பாதிக்குச் செரிக்காது. வயித்தால போகும்.

பூனைக்கு வலின்னா அது நொண்டிக் காட்டாது, கத்தாது. சும்மா ஒரு சோலிய நிப்பாட்டிரும். போன வருசம் மதில் மேல ஏறுச்சு, இந்த வருசம் ஏறல. "அடங்கிருச்சு, சாது ஆயிருச்சு"ன்னு உங்க அம்மா பெருமைப்படுதா. சாதுவுமில்ல சந்நியாசியுமில்ல, மூட்டு வலி. முதுகுப் பக்கத்து முடி திரி திரியாச் சடை புடிச்சிருக்கான்னு பாரும். திரும்பி நக்க முடியலன்னு அர்த்தம். போன பொங்கலுக்கு வந்தப்போ அதோட முன்னங்காலத் தூக்கி, விரல மெதுவா அமுக்கிப் பாத்தேன். தூண்லயும் மரத்துலயும் பிறாண்டுறத விட்டதுனால நகத்தோட மேலோடு உதிரல. தடிச்சு, வளஞ்சு, கட்டைவிரல் நகம் சுத்திக்கிட்டு வந்து அதோட சதைக்குள்ளேயே குத்தி நிக்குது. சுத்தி வர செவந்து, நுனியில ஒரு பொட்டு சீழு. அதோட சத்தங்காட்டாம நடந்துக்கிட்டு இருந்துருக்கு. டாக்டரு வெட்டிவிட்டு மருந்து வச்சாரு. மாசத்துக்கொருக்க நகத்தப் பாக்கச் சொன்னாரு. உங்க அம்மா வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாதுன்னா. மத்த கிழமையில பூனைக்கு நேரமில்லையாம்.

ஒண்ணுக்குப் போற மண்ணுத் தட்டுக்கு விளிம்பு உசரமா இருந்தா, வயசான பூனை உள்ள ஏறாம வெளியிலேயே காரியத்த முடிச்சிரும். அடிச்சுப் பிரயோசனமில்ல, ஒரு பக்கத்து விளிம்ப அறுத்து விடும். பூனை முன்னவிட ரெண்டு மடங்கு தின்னு, ஆனாலும் மெலிஞ்சுக்கிட்டே போனா தைராய்டு கூடியிருக்கலாம், சர்க்கரையும் இருக்கலாம். தண்ணி கூடக் குடிச்சு, ஒண்ணுக்குக் கூடப் போயி, மெலிஞ்சா கிட்னியாவும் இருக்கலாம். வயசான பூனைக்கு அதிகமா வாரதுல அதுவும் ஒண்ணு. உம்ம நாய்க்கும் தண்ணியத்தான் அளக்கச் சொல்லுதேன். 30 கிலோ நாய் ஒரு நாளைக்கு 3 லிட்டருக்கு மேல குடிச்சா அது வெயிலுக்குன்னு விட்டுராதீரு. கருப்பை எடுக்காத பொட்டை நாயா இருந்து, சூடு வந்து போய் ஒண்ணு ரெண்டு மாசத்துல இப்படித் தண்ணியாக் குடிச்சு, வாந்தியும் எடுத்தா, கருப்பையில சீழ் கட்டியிருக்கும். அன்னைக்கே ஓடணும்.

வாய் நாத்தத்த மறந்துட்டேன் பாத்தீரா. "நாய்ன்னா நாறத்தான செய்யும்"னு மூக்கப் பொத்திக்கிட்டு நிக்குதீக. உதட்டத் தூக்கி கடைவாயப் பாரும். பழுப்புக் காரை, செவந்த ஈறு. பல்லு வலியோடயும் வாலாட்டிக்கிட்டுத் திங்குறது நாயோட பெருந்தன்மை. அதுக்காக உம்ம பேஸ்ட்டப் போட்டுத் தேய்க்கவும் கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, நம்ம பேஸ்ட்டு அதோட வயித்துக்குள்ள போகக் கூடாது. அதுக்குன்னு தனிப் பேஸ்ட்டு விக்குது.

ராத்திரி எந்திரிச்சு வீட்டச் சுத்துது, செவுத்த மொறச்சுப் பாக்குது, கதவோட திறக்காத பக்கம் போய் நிக்குதுன்னீரு. உங்க அம்மா வேப்பிலை அடிக்கணும்னாளாமே. மனுசனுக்கு மறதி நோய் வாரது கணக்கா நாய்க்கும் வரும் வே. சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் தினம் ஒரே நேரத்துல இருக்கணும். சாமான்கள இடம் மாத்தி வைக்கப்படாது. படுக்குறதுக்கு முன்னால ஒருக்க ஒண்ணுக்குக் கூட்டிப்போயி, நடையில ஒரு சின்ன விளக்கு எரிய விடும். இதுக்கும் மருந்து உண்டு, கேளும். வயசான பூனை ராத்திரி ஓலமிட்டா ரத்தக் கொதிப்பாவும் இருக்கலாம். அது திடீர்னு கண்ணப் பறிச்சிரும். நாய்க்கண்ணு லேசா நீலம் பூத்தாப்புல இருந்தா எல்லாமே கண்புரை இல்ல, வயசுக்கு வார மங்கலும் உண்டு. எதுன்னு டாக்டர் விளக்கடிச்சுப் பாத்துச் சொல்லுவாக.

காது கேக்காத நாய்கிட்ட எப்படிப் போகணும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? ராஜபாளையத்து வெள்ளை நாய்ல செவிட்டுக் குட்டி பொறக்குறது பழைய கதை. 2005ல தபால்தலையில படம் போட்ட சாதிதான், ஆனாலும் சிலது கூப்பிட்டாத் திரும்பாது. பின்னாலருந்து போய்த் தொடாதீரு, பதறிக் கடிச்சிரும். முன்னால வந்து காலத் தரையில தட்டும், அதிர்வுல முழிச்சுக்கிடும். எங்கிட்டயும் அப்படி வந்தா நல்லது. போன வாட்டி பின்னாலருந்து "மாமா!"ன்னு தோள்ல தட்டுனீரு, நான் கடிக்கலன்னா அது என் பல்லு செட்டு மேசையில இருந்த புண்ணியம்.

இன்னொண்ணு. நாய்க்கு உண்ணிக்குன்னு முதுகுல ஊத்துற மருந்து வாங்குவீரே, அதுல பெர்மெத்ரின்னு இருந்தா அத உங்க அம்மா பூனைக்கும் ரெண்டு சொட்டுன்னு தர்மம் பண்ணிராதீரு. பூனைக்கு வலிப்பு வந்து செத்துரும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், "கிழட்டு நாய் எங்க போகப் போகுது"ன்னு நிப்பாட்டக் கூடாது. அது போகலன்னாலும் வெறிநாய் வாசலுக்கு வரும்.

சென்னையில இருக்கீரு. வேப்பேரியில 1903ல ஆரம்பிச்ச கால்நடைக் கல்லூரி, ஆஸ்பத்திரியோட கெடக்கு. உமக்கு, நாய்க்கு ஷாம்பு போடுற கடைக்கு வழி தெரியும், இதுக்கு வழி தெரியாது. ஆறு மாசத்துக்கொருக்க கூட்டிட்டுப் போயி எடை, பல்லு, ரத்தம், ஒண்ணுக்கு எல்லாம் பாத்துரும். வந்த பொறவு ஓடுறதவிட அது துட்டுக்கும் கம்மி.

திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊரு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லு ஒண்ணு அங்க உண்டு. செத்த வீரன் பக்கத்துல அவன் நாயையும் செதுக்கி, கோவிவன்னு பேரும் பொறிச்சு, கள்ளனக் கடிச்சு நின்ன சேதியையும் எழுதி வச்சிருக்காக. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேலாச்சு, நாய் பேரு நிக்குது. உம்ம நாய் கள்ளனக் கடிக்கல, ஒத்துக்கிடுதேன். வந்த கள்ளனுக்கும் வாலத்தான் ஆட்டியிருக்கும். ஆனாலும் கல்லு கேக்கல பாரும், சாக்குதான் கேக்குது.

கடைசியில ஒரு நாள், மருந்துக்கும் அடங்காத வலின்னு வந்தா, டாக்டர் கருணை ஊசின்னு சொல்லுவாக. திங்குதா, தானா எந்திரிக்குதா, உம்மப் பாத்து வாலு அசையுதா, நல்ல நாள் கூடவா கெட்ட நாள் கூடவான்னு காலண்டர்ல குறிச்சுப் பாத்து முடிவு பண்ணும். முடிவு பண்ணுனா, வெளிய போய் நின்னு சிகரெட்டு குடிக்காம, உள்ள, அது தலையப் புடிச்சுக்கிட்டு இரும். அதுக்கு இன்னும் காலம் கெடக்கு, இப்பமே மூஞ்சியத் தொங்கப் போடாதீரு.

இனி போன் போட்டா "நாய் நல்லா இருக்கு மாமா"ன்னு மொட்டையாச் சொல்லாதீரு. எத்தன செம்பு தண்ணி குடிச்சது, எடை எவ்வளவு, பின்னங்காலு வழுக்குதா, இதச் சொல்லும். அப்படியே மாமா எப்படி இருக்கீங்கன்னும் ஒரு வார்த்தை கேளும். என்ன தின்னேன்னு மட்டும் கேக்காதீரு. கேட்டுத்தான் ஆகணும்னா உங்க அத்தை கோயிலுக்குப் போற நேரமாப் பாத்துக் கேளும்.